புளியரைக் கொட்டகையில் நின்ற ஸ்பிட்ஃபயர்

1964ஆம் ஆண்டில் செய்யப்பட்ட டிரையம்ஃப் ஸ்பிட்ஃபயர் கார் ஒன்று, புளியரையில் என் தாய்மாமா வீட்டுத் தகரக் கொட்டகையில் 1991 முதல் அசையாமல் நின்றிருந்தது. ஆரியங்காவுக்கு அப்பால் ஒரு ரப்பர்த் தோட்டத்தில் மாமா கணக்கெழுதிக்கொண்டிருந்த காலத்தில், தோட்டத்து மேலாளர் ஊரைவிட்டுப் போகும்போது அவருக்கு விற்றுவிட்டுப் போன வண்டி அது. இரண்டே இருக்கைகள், துணிக் கூரை, 1147 சி.சி. இன்ஜின், இரட்டைக் கார்புரேட்டர். மாமாவுக்கு வயது எண்பதைத் தாண்டிவிட்டது. "மருமகனே, ஓடிச்சுன்னா ஒரு தடவ ஆரியங்காவு ஐயப்பன் கோயில் வரைக்கும் கூட்டிட்டுப் போ" என்று அவர் சென்ற ஆனியில் சொன்னதிலிருந்துதான் இந்த வேலை தொடங்கியது.

எங்கள் பகுதியைப் பற்றி ஒன்று சொல்லிவிட வேண்டும். ஆனி, ஆடி மாதங்களில் தமிழ்நாட்டின் பெரும்பகுதி காய்ந்து கிடக்கும்போது, செங்கோட்டையிலும் புளியரையிலும் ஆரியங்காவுக் கணவாய் வழியாக வரும் காற்று நாள் முழுவதும் சாரலைக் கொண்டுவந்து கொட்டும். குற்றாலத்துக்கு வருகிறவர்களுக்கு அது சுகம். நிறுத்திவைத்த இரும்புக்கு அது நஞ்சு. ஓடித் தேய்ந்த வண்டியையும் நின்று கெட்ட வண்டியையும் ஒரே கண்ணால் பார்க்கக் கூடாது என்பதை இந்த வேலையில்தான் கற்றேன். ஓடிய வண்டியில் தேய்மானம் எங்கே இருக்கும் என்று ஓரளவு ஊகித்துவிடலாம். நின்ற வண்டியில் ரப்பர் இறுகியிருக்கும், திரவங்கள் நீர் கோத்திருக்கும், ஒன்றோடொன்று உரசும் பரப்புகள் துருவால் ஒட்டியிருக்கும். வெளியிலிருந்து பார்த்தால் எதுவுமே தெரியாது.

உதவிக்கு வந்தவர் தென்காசியில் நாற்பது ஆண்டுகள் பட்டறை வைத்திருந்த ஓர் அண்ணாச்சி. ஸ்பிட்ஃபயரை அவர் அதற்குமுன் கண்டதில்லை. ஆனால் முன்பக்கம் முழுவதும் ஒரே துண்டாக முன்னோக்கிக் கவிழ்ந்து திறக்கும் அந்த பானட்டைத் தூக்கியதுமே, "இது நம்ம ஹெரால்டுல்லா தம்பி" என்றார். அவர் சொன்னது சரி. இங்கிலாந்தின் டிரையம்ஃப் ஹெரால்டை அடியாகக் கொண்டு உருவான வண்டிதான் ஸ்பிட்ஃபயர். இரண்டையும் வரைந்தவர் இத்தாலியரான ஜியோவானி மிக்கெலோட்டி. அந்த ஹெரால்டையே சென்னையில் ஸ்டாண்டர்டு மோட்டார் நிறுவனம் 1961 முதல் ஸ்டாண்டர்டு ஹெரால்டு என்ற பெயரில் செய்து விற்றது. சென்னை வண்டியின் இன்ஜின் 948 சி.சி., எங்கள் வண்டியினுடையது 1147 சி.சி. என்றாலும் இரண்டிலும் பிஸ்டன் ஏறி இறங்கும் தூரம் அதே 76 மில்லிமீட்டர்தான். சிலிண்டர் விட்டம் மட்டும் 63 மில்லிமீட்டரிலிருந்து 69.3 ஆகப் பெரிதாகியிருக்கிறது. எனவே பிஸ்டனும் ரிங்கும் பொருந்தாவிட்டாலும், அண்ணாச்சியின் கை ஹெரால்டில் பழகிய பழக்கம் அப்படியே பொருந்தியது. முன்சக்கர அமைப்பில் சில பாகங்களும் பொருந்தின. இது எவ்வளவு பெரிய உதவி என்பது பின்னால்தான் தெரிந்தது.

முதல் நாள் அவர் செய்த முதல் காரியம் சாவியை வாங்கித் தம் சட்டைப்பையில் போட்டுக்கொண்டது. "மூணு மாசத்துக்கு இது உங்களுக்கு வேண்டாம் தம்பி. பேட்டரியும் வேண்டாம்" என்றார். உண்மையில் எட்டு மாதம் ஆயிற்று.

நான்கு ஸ்பார்க் பிளக்குகளையும் கழற்றினோம். பிஸ்டன்கள் சுழற்றும் குறுக்குத்தண்டின் (கிராங்க் ஷாஃப்ட்) முன்முனையிலுள்ள பெரிய நட்டில் ஸ்பேனரை மாட்டித் திருப்பிப் பார்த்தால் இன்ஜின் அசையவில்லை. நீண்ட குழாயைச் செருகி மிதித்தால் ஏதாவது நடந்திருக்கும். அந்த ஏதாவது, ரிங் உடைவதாகவும் இருக்கலாம். டீசலையும் ஆட்டோமேட்டிக் கியர் எண்ணெயையும் சம அளவில் கலந்து, ஒவ்வொரு சிலிண்டரிலும் ஒரு சிறு டம்ளர் அளவு ஊற்றி, பிளக் துளைகளைத் துணியால் அடைத்துவிட்டுப் போய்விட்டோம். இரண்டு நாளுக்கு ஒருமுறை, எண்ணெய் இறங்கிய அளவுக்கு மீண்டும் ஊற்றினேன். 1, 2, 4 ஆகிய சிலிண்டர்களில் எண்ணெய் மெல்ல இறங்கிக்கொண்டிருந்தது. மூன்றாவதில் மட்டும் ஊற்றியது ஊற்றியபடி நின்றது. ஒன்பதாம் நாள் காலையில் ஸ்பேனரைப் பிடித்து முன்னும் பின்னுமாக, கடிகாரத்துக்குச் சாவி கொடுப்பதுபோல மெதுவாக ஆட்டினேன். முதலில் ஒரு விரற்கடை அளவு நகர்ந்தது. பிறகு 'கிர்ரென்று' ஒரு சத்தம், அதன்பின் பாதிச் சுற்று. அன்று மாலைக்குள் முழுச் சுற்றும் கையால் வந்துவிட்டது.

அதன்பிறகு அண்ணாச்சி என்னை ஓட்டுநர் இருக்கையில் உட்காரச் சொல்லி, கிளட்சை மிதித்து மிதித்து விடச் சொன்னார். அவர் முன்னால் குனிந்து குறுக்குத்தண்டின் கப்பியைப் பார்த்துக்கொண்டிருந்தார். நான் மிதிக்கும்போதெல்லாம் கப்பி கண்ணுக்குத் தெரியும் அளவில் முன்னோக்கி நகர்ந்தது. இந்த இன்ஜின் குடும்பத்தின் பெரிய நோய் இது. குறுக்குத்தண்டு முன்பின்னாக நகராமல் தடுப்பவை, பின்புற மெயின் பேரிங்கின் இரு பக்கமும் உள்ள அரைவட்ட வாஷர்கள்தாம். கிளட்சை அழுத்தும் விசை முழுவதையும் பின்பக்கத்து வாஷர் தாங்குகிறது. அது தேய்ந்து மெலிந்தால் ஒருநாள் கழன்று எண்ணெய்த் தொட்டியில் விழுந்துவிடும். அதன்பின் குறுக்குத்தண்டே இன்ஜின் பிளாக்கின் இரும்பை அராவத் தொடங்கும். அந்த நிலைக்குப் போன பிளாக்கைச் சரிசெய்வது பெரும்பாடு. டயல் கேஜ் வைத்து அளந்ததில் 0.45 மில்லிமீட்டர் ஆட்டம் இருந்தது. இருக்க வேண்டியது 0.1 முதல் 0.2 மில்லிமீட்டர் வரைதான்.

நல்லவேளையாக இன்ஜினை இறக்கவேண்டியதில்லை. அடியிலிருந்து எண்ணெய்த் தொட்டியைக் கழற்றி, பின்புற பேரிங் மூடியை இறக்கினால், அரைவட்ட வாஷர்களை ஒரு மெல்லிய தகட்டால் தள்ளிச் சுற்றி வெளியே எடுத்துவிடலாம். பின்பக்கத்து வாஷர் தேய்ந்து, அதன் எண்ணெய்க் கீற்றுகள் ஏறத்தாழ அழிந்திருந்தன. இன்னும் சில நூறு கிலோமீட்டர் ஓடியிருந்தால் அது விழுந்திருக்கும் என்று எனக்குத் தோன்றியது. முன்பக்கத்துக்கு வழக்கமான தடிப்பிலும் பின்பக்கத்துக்கு அங்குலத்தில் ஆயிரத்தில் ஐந்து பங்கு கூடுதல் தடிப்பிலும் வாஷர்களை இங்கிலாந்திலிருந்து வரவழைத்தோம். மாட்டும்போது கவனிக்க வேண்டியது ஒன்றே ஒன்றுதான்: கீற்றுள்ள முகம் சுழலும் தண்டைப் பார்த்திருக்க வேண்டும். திருப்பிப் போட்டுவிட்டால் மென்மையான உலோகம் பிளாக்கின் பக்கம் சும்மா இருக்க, தடித்த எஃகு முதுகு தண்டைத் தின்னும். மாட்டி முடித்து அளந்தபோது 0.15 மில்லிமீட்டர் வந்தது. அன்றுமுதல் இந்த வண்டியை நியூட்ரலில் வைத்து, கிளட்சை மிதிக்காமல்தான் ஸ்டார்ட் செய்கிறேன். எண்ணெய் இன்னும் ஏறாத அந்த முதல் வினாடிகளில் வாஷரின்மேல் சுமை ஏற்றக் கூடாது.

பெட்ரோல் வழியைச் சுத்தம் செய்ததுதான் மிக நீண்ட வேலை. இருக்கைகளுக்குப் பின்னால் உள்ள டாங்கில் ஏறத்தாழ 37 லிட்டர் கொள்ளும். அதனுள் கால் டாங்க் அளவுக்குப் பெட்ரோல் என்று சொல்ல முடியாத, வார்னிஷ் வாடை அடிக்கும் தேன்நிறத் திரவம் இருந்தது. வெறும் டாங்க்தான் நிறைந்த டாங்கைவிட ஆபத்தானது. உள்ளே தங்கும் ஆவி ஒரு பொறிக்குப் போதும். ஆகவே வெல்டிங், கிரைண்டிங் எதுவும் நடக்காத தோப்புக்கு அதைக் கொண்டுபோய், மண்ணெண்ணெயும் ஒரு கைப்பிடிச் சிறு ஜல்லியும் போட்டுக் குலுக்கி, சோப்பு நீரால் பலமுறை கழுவி, இரண்டு நாள் வெயிலில் கவிழ்த்து வைத்தோம். ரப்பர் ஹோஸ்களைத் தொட்டதும் முறுக்குப்போல நொறுங்கின. அப்படி நொறுங்காதிருந்தாலும் மாற்றியே இருப்பேன். இப்போது நம் பங்குகளில் கிடைக்கும் பெட்ரோலில் 20 விழுக்காடு வரை எத்தனால் கலக்கிறது. 1960களின் ரப்பர் அதற்காகச் செய்யப்பட்டதன்று. எத்தனாலைத் தாங்கும் ஃபுளோரோ ரப்பர் ஹோஸ் விலை கூடுதல்தான், ஆனால் கார்புரேட்டருக்கு நேர்கீழே எக்ஸாஸ்ட் குழாய் இருக்கும் இந்த வண்டியில் அதில் மிச்சம் பிடிப்பது தவறு. எத்தனால் ஈரத்தையும் இழுக்கும் என்பதால், மழைக்காலத்தில் வண்டி நிற்கப்போகிறது என்றால் டாங்கை வற்றவைத்துவிடுகிறேன்.

பெட்ரோல் பம்ப் கேம் தண்டால் இயங்கும் பழைய வகை. அதன் டயாஃப்ரம் இறுகியிருந்தது. அது கிழிந்தால் பெட்ரோல் இன்ஜின் எண்ணெயில் கலந்துவிடும் என்பதால், எண்ணெய்க் குச்சியை முகர்ந்து பார்க்கும் பழக்கத்தை அண்ணாச்சி எனக்கு ஏற்படுத்தினார்.

இரட்டை எஸ்.யு. கார்புரேட்டர்களை மேசைமேல் பிரித்து வைத்தபோது என் மனம் மிகவும் ஒன்றிப்போனது. இந்தக் கார்புரேட்டரில் சிறிய, பெரிய ஜெட்டுகள் பல இல்லை. ஒரே ஒரு ஜெட். அதனுள் கூம்பிய ஊசி ஒன்று. இன்ஜின் இழுக்கும் காற்றின் அளவுக்கேற்ப ஒரு பிஸ்டன் தானாக மேலெழும். அதோடு ஊசியும் எழும். ஊசியின் மெலிந்த பகுதி ஜெட்டுக்கு வர வர, பெட்ரோல் கூடும். முன் கார்புரேட்டரில் பிஸ்டன் மேலேயே ஒட்டிக்கொண்டிருந்தது. கார்புரேட்டர் திரவத்தில் ஓர் இரவு ஊறவைத்து, பஞ்சால் மட்டுமே துடைத்தேன். அதில் எமரித் தாளை வைத்துத் தேய்க்கவே கூடாது. மூடியும் பிஸ்டனும் ஒன்றுக்கொன்று அளவெடுத்துச் செய்தவை. தேய்த்தாலோ, ஒன்றின் மூடியை மற்றதற்கு மாற்றினாலோ அந்த நுண்ணிய இடைவெளி கெட்டுவிடும். ஆகவே முன், பின் என்று எழுதிய இரண்டு தட்டுகளில் எல்லாவற்றையும் தனித்தனியாக வைத்திருந்தேன். கூட்டி முடித்தபின் பிஸ்டனை விரலால் தூக்கி விட்டால், தங்குதடையின்றி இறங்கிக் கீழே 'டக்'கென்று உலோக ஒலியோடு உட்கார வேண்டும். முன்னது இரண்டு முறை இறங்கியது, மூன்றாம் முறை பாதியில் நின்றது. ஜெட்டை நடுமையப்படுத்தும் திருகை தளர்த்தி, ஊசி அதை உரசாதபடி மறுபடி இறுக்கினேன். நான்கு முறை செய்தபின்தான் இரண்டும் ஒரே ஒலியைத் தந்தன.

மின்சாரத்தில் வேறொருவரின் அவசரத்துக்கு நாங்கள் விலை கொடுக்க வேண்டியிருந்தது. இந்த வண்டியில் பேட்டரியின் பாசிட்டிவ் முனைதான் உடலோடு இணைந்திருக்கும். இன்றைய வண்டிகளில் இருப்பதற்கு நேர்மாறு. 1991க்கு முன் எப்போதோ ஒரு பட்டறையில், எல்லா வண்டியையும் போலத்தானே என்று நெகட்டிவை உடலில் மாட்டிவிட்டார்கள். டைனமோ பழைய முறையிலேயே மின்சாரம் தர, அதையும் பேட்டரியையும் தானாக இணைத்துப் பிரிக்கும் கட்-அவுட்டின் முனைகள் உருகி ஒட்டிக்கொண்டிருந்தன. வண்டி நின்றுபோனதற்கே அதுதான் காரணமாக இருக்கும் என்று நினைக்கிறேன். மாமாவுக்கு "சார்ஜ் நிக்கல" என்பது மட்டுமே நினைவிருக்கிறது. கட்-அவுட்டை மாற்றி, பேட்டரியை முறைப்படி பாசிட்டிவ் உடலில் படும்படி இணைத்தபின், டைனமோவின் ஃபீல்டு முனையிலிருந்த கம்பியைக் கழற்றிவிட்டு, பேட்டரியின் நெகட்டிவிலிருந்து ஒரு கம்பியை எடுத்து அந்த முனையில் ஒரு கணம் தொட்டு எடுத்தோம். சிறு பொறி தெறித்தது. டைனமோவின் காந்தத் திசை சரியாவதற்கு அவ்வளவே போதும்.

பிரேக்குகளைப் பற்றி நீட்டி எழுதப் புதிதாக எதுவும் இல்லை. முன்னால் டிஸ்க், பின்னால் டிரம், எல்லாம் ஒரே சுற்று. ஒரு குழாய் விட்டால் நான்கு சக்கரமும் போச்சு. ஆகவே பழையதில் எதையும் நம்பவில்லை. மாஸ்டர் சிலிண்டர், வீல் சிலிண்டர்கள், ஹோஸ்கள், இரும்புக் குழாய்கள் அத்தனையும் புதியவை. காலிப்பர் பிஸ்டன்களை மட்டும் கிரீஸ் துப்பாக்கியின் அழுத்தத்தால் தள்ளி எடுத்து, துருப்பிடிக்காத எஃகுப் பிஸ்டன்களை மாட்டினோம். இன்ஜின் உயிர்பெறும் முன்பே வண்டியைத் தள்ளிவிட்டு, பிரேக்கில் நிறுத்திப் பார்த்தோம்.

அதைவிட என்னைக் கலங்கவைத்தது முன்சக்கரத்தைத் தாங்கும் டிரன்னியன். நிமிர்ந்த லிங்க்கின் கீழ்முனையில் இழை வெட்டியிருக்கும். அது ஒரு வெண்கலக் கட்டிக்குள் திருகி இறங்கும். ஸ்டியரிங்கைத் திருப்பும்போதெல்லாம் இரும்பு இழை வெண்கல இழைக்குள் சுழலும். இதற்குக் கெட்டியான கியர் எண்ணெய்தான் போட வேண்டும், கிரீஸ் அல்ல. கிரீஸ் இழைகளின் அடிவரை இறங்காமல் வழியை அடைத்துவிடும். ஈரம் உள்ளே தங்கி, இரும்பு இழை உள்ளுக்குள்ளேயே அரித்துப்போகும். கடைசியில் ஓடும்போது லிங்க் முறிந்து சக்கரம் மடங்கிவிடும். இடப்பக்கத்தைத் திருகிக் கழற்றினேன். இடப்பக்கத்து இழை இடக்கை இழை என்பதை அண்ணாச்சி நினைவுபடுத்தாதிருந்தால் எதிர்த்திசையில் முறுக்கியிருப்பேன். கட்டிக்குள்ளிருந்து வந்தது எண்ணெய் அன்று. பழைய கிரீஸும் துருவும் கலந்து, செம்மண் குழைத்ததுபோன்ற பழுப்புக் களிம்பு. விரலில் எடுத்து நசுக்கினால் நறநறவென்றது. அதைத் துடைத்தபின் லிங்க்கின் கீழ்ப்பகுதி இழைகள் கரையான் அரித்த மரம்போலக் குழிகுழியாக இருந்தன.

"எந்தப் பாவி தம்பி இதுல கிரீஸ் அடிச்சான்?" என்று அண்ணாச்சி கேட்டபோது அவர் குரலில் உண்மையான வருத்தம் இருந்தது. தம் பட்டறையில் ஹெரால்டு வண்டிகளின் சக்கரம் இப்படி மடங்கியதைப் பார்த்தவர் அவர். அடுத்த நாள், பழைய பட்டறையைக் காலி செய்தபோது எடுத்துவைத்த ஒரு பிஸ்கட் டின்னைக் கொண்டுவந்தார். எண்ணெய்த் தாளில் சுற்றிய இரண்டு வெண்கல டிரன்னியன்கள், சென்னை ஹெரால்டுக்கு வந்த பழைய சரக்கு, உள்ளே இருந்தன. வலப்பக்கத்து லிங்க் நன்றாக இருந்தது. அதில் அவர் கொடுத்ததை மாட்டினோம். சொல்லிவைத்தாற்போலப் பொருந்தியது. இடப்பக்க லிங்க்கை மட்டும் இங்கிலாந்திலிருந்து வரவழைத்தோம்.

மாசியில் ஒரு ஞாயிறன்று சாவியை அண்ணாச்சி திருப்பிக் கொடுத்தார். அதற்குமுன் டேப்பெட்டுகளின் (வால்வுகளின்) இடைவெளியை 0.25 மில்லிமீட்டருக்கும், பொறி தரும் பாயிண்ட் இடைவெளியை 0.38 மில்லிமீட்டருக்கும் வைத்து, பிளக்குகள் இல்லாமல் ஸ்டார்ட்டரைச் சுற்றவிட்டு, எண்ணெய் அழுத்த விளக்கு அணையும்வரை காத்திருந்தோம். பிளக்குகளை மாட்டி, சோக்கை இழுத்துச் சுற்றியதும் இன்ஜின் பிடித்தது. பிடித்த சில வினாடிகளில் பின் கார்புரேட்டரிலிருந்து பெட்ரோல் வழிந்து எக்ஸாஸ்ட்டின்மேல் சொட்டியது. உடனே அணைத்தேன். அருகில் தீயணைப்பானும் இரண்டு வாளி மணலும் வைத்திருந்தோம், பயன்படுத்த நேரவில்லை. கார்புரேட்டருக்குள் பெட்ரோல் வரத்தை நிறுத்தும் மிதவை வால்வில் டாங்கிலிருந்து வந்த ஒரு துகள் சிக்கியிருந்தது. அதை நீக்கி, டாங்குக்கும் பம்புக்கும் நடுவே ஒரு ஃபில்டரை வைத்து, குழாய்கள் ஆறியபின் மறுபடி தொடங்கினோம். இம்முறை ஒழுகாமல், இன்ஜின் தொடர்ந்து ஓடியது. சிறு ரப்பர்க் குழாயின் ஒரு முனையைக் காதிலும் மறுமுனையை ஒவ்வொரு கார்புரேட்டரின் வாயிலும் வைத்து, காற்றிழுக்கும் இரைச்சல் இரண்டிலும் ஒன்றாகும்வரை திருகுகளைச் சரிசெய்தார் அண்ணாச்சி. கம்ப்ரஷன், அதாவது பிஸ்டன் ஏறும்போது சிலிண்டருக்குள் உண்டாகும் அழுத்தம், மூன்றாம் சிலிண்டரில் மட்டும் 85 பி.எஸ்.ஐ.; மற்றவற்றில் 120ஐ ஒட்டி. ஐந்தாறு மணி நேரம் ஓடி ரிங் இளகியபின் மூன்றாவதும் 110க்கு வந்தது.

கிளட்ச் தட்டு ஃபிளைவீலோடு ஒட்டியிருந்தது. இன்ஜினை நன்றாகச் சூடாக்கி அணைத்தபின், மேல் கியரில் போட்டு, கிளட்சை மிதித்தபடி என் இரு மருமக்களைக் கொண்டு பின்னாலிருந்து தள்ளி உலுக்கியதில் விட்டுவிட்டது.

பங்குனியில் மாமாவை ஏற்றிக்கொண்டு புளியரை எஸ் வளைவு வழியாக மலையேறினேன். இந்த வண்டியின் பின்சக்கரங்கள் ஊசல்போல மேலும் கீழும் ஆடும் அச்சில் இருப்பவை. வளைவின் நடுவில் சட்டென்று ஆக்சிலரேட்டரை விட்டால் பின்பகுதி தூக்கி, சக்கரம் உள்வாங்கி, வண்டி நழுவும். ஆகவே ஒவ்வொரு வளைவுக்கு முன்பும் வேகத்தைக் குறைத்துவிட்டு, உள்ளே நுழைந்தபின் மெல்ல இழுத்துக்கொண்டே வெளியேறினேன். எதிரே கேரளத்திலிருந்து வந்த லாரிகள் வழிவிட்டன. ஏற்றத்தில் வெப்ப முள் பாதியைச் சற்றே தாண்டி, கோயில் வாசலில் நிறுத்தியபின் இறங்கியது. மாமா வழி நெடுக எதுவும் பேசவில்லை. கூரையைத் திறந்தே வைக்கச் சொன்னது மட்டும்தான்.

மறுநாள் காலையில் வண்டிக்கு அடியில் படுத்து ஒவ்வொன்றாகப் பார்த்தேன். இரு டிரன்னியன்களின் கீழும் தரையில் காசளவு எண்ணெய்ப் பொட்டு இருந்தது. துடைத்துவிட்டு, மீண்டும் கியர் எண்ணெய் நிரப்பி, தேதியையும் ஓடிய கிலோமீட்டரையும் கொட்டகைத் தூணில் சுண்ணக்கட்டியால் எழுதிவைத்தேன்.